நரையும் திருநீறும்

வைகறையில் எழுந்து நீராடி, கண்ணாடியின் முன் நின்று, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அணிகின்றான் ஒருவன். நெற்றியில் மூன்று குறியாக வெண்ணீற்றை இட்ட அவ்விரல்களே, சிறிது நேரங் கழித்து ஒரு தூரிகையைப் பற்றிக் காதோரத்து வெளுத்த மயிர்களின்மேல் கருஞ்சாயத்தைத் தீட்டுகின்றன. ஒரு வெண்மையை விரும்பி ஏற்ற கை, மற்றொரு வெண்மையை நாணி மறைக்கின்றது. இவ்விரு செயலும் ஒருவனிடத்தே ஒருங்கு நிகழ்தல் பொருந்துமோ? பொருந்துமெனின் எவ்வாற்றான்? பொருந்தாதெனின் அவற்றுள் விடற்பாலது யாது? நரையை மறைத்தல் தக்கதோ, மறையாது விடுதல் தக்கதோ என்னும் இவ்வினா சிறிய வினாப்போலத் தோன்றும். ஆயினும், உயிர் தான் பெற்ற உடம்பினை எவ்வாறு கருதுதல் வேண்டும் என்னும் பெரிய வினாவின் ஒரு கிளையே அஃதாகலின், ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் நரையாவது யாதென அறிதல் வேண்டும். நரை என்பது மயிருக்குப் புதிதாக வந்து சேர்ந்ததொரு நிறமன்று. முன்னிருந்த நிறம் இல்லையாயினமையே அது. மயிரின் வேர்ப்பையிலுள்ள நுண்ணிய உயிரணுக்கள் மெலனின் என்னும் நிறப்பொருளை ஆக்கி, வளரும் மயிருக்கு ஊட்டுகின்றன. ஆண்டு பல செல்லச் செல்ல, அவ்வணுக்களைத் தோற்றுவிக்கும் மூலவணுக்கள் குறைந்தொழிகின்றன. ஊட்டுவாரின்றி வளரும் மயிர் வெளுத்தே வெளிவருகின்றது. இஃது எவ்வயதில் தொடங்கும் என்பது பெரும்பாலும் பெற்றோர்வழி அமைவது. இளமையிலேயே மிகுதியாக நரைப்பின், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவேனும் தைராய்டுச் சுரப்பியின் கோளாறேனும் காரணமாதலும் உண்டு. அதனை மருத்துவரிடம் காட்டுதலே முறை. இனி, தோலுக்கு வெளியே காணப்படும் மயிர் உயிரற்ற பொருள். சாயம் பற்றுவது அவ்வுயிரற்ற பகுதியையேயன்றி வேரையன்று. மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவு மயிர் வளர்தலின், திங்களொன்று கழியுமுன்னரே வகிட்டின் இருமருங்கும் வெண்மை மீண்டும் தலைகாட்டுகின்றது. ஆகவே சாயமிடுதல் ஒருமுறை செய்து முடிக்குஞ் செயலன்று. தொடங்கியவர் விடாது செய்தற்குரியதாகிய ஒரு நியமமாகவே அஃது அமைந்துவிடுகின்றது.

கவலை மிக்கார்க்கு நரை விரையும் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிந்த செய்தி. பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் ஆண்டு பல கடந்தும் நரையின்றி இருந்தாராக, அதற்குக் காரணம் வினவினார்க்கு அவர் உரைத்த விடை புறநானூற்று 191ஆம் செய்யுளாக உள்ளது. மனைவி குணத்தாற் சிறந்தவள். மக்கள் அறிவு நிரம்பியவர். ஏவலர் தம் கருத்தறிந்து ஒழுகுபவர். அரசன் முறை தவறாது காப்பவன். ஊரிலோ புலனடக்கமுடைய பெரியோர் பலர் உளர் என்பனவே அவர் கூறிய காரணங்கள். 2020ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர்கள் எலிகளிடத்து ஆராய்ந்து வெளியிட்ட முடிபும் இதனோடு ஒருவாறு ஒக்கின்றது. கடுந்துன்பத்துக்கு உட்பட்ட எலிகளின் நரம்புகளினின்று சுரக்கும் ஒரு பொருள், நிறந்தரும் மூலவணுக்களை அளவிறந்து தூண்டி விரைவில் தீர்ந்துபோகச் செய்கின்றது என அவர்கள் கண்டனர். மக்கட்கு வரும் நரை அனைத்திற்கும் கவலையே காரணம் என்று இதனாற் கொள்ளுதல் ஆகாது. எனினும் பிசிராந்தையார் விடையில் ஒரு நுட்பம் உளது. தமது தலை கறுத்திருத்தற்குத் தம்மை அவர் காரணமாகக் கூறிற்றிலர். தம்மைச் சூழ்ந்தாரையே கூறினார். அங்ஙனமாயின், தந்தையின் நரையைக் காணும் மகனும், மனைவியின் நரையைக் காணும் கணவனும், அதனை எள்ளுதற்கு முன்னே, அதில் தமது பங்கு எத்துணை என்று தம் நெஞ்சை வினவுதற்குக் கடமைப்பட்டவராவர்.

நரையை மறைக்கும் முயற்சி இக்காலத்துப் புதிதாகத் தோன்றியதன்று. மருதோன்றி, அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லி முதலியவற்றை மயிருக்கு இடுதல் பழைய வழக்கம். 1907ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு இரசாயன நூல் வல்லுநர் யூஜின் ஷூலர் என்பார் செயற்கைச் சாயமொன்றை ஆக்கி விற்கத் தொடங்கினார். அதன்பின் இது பெருவாணிகமாக வளர்ந்தது. இச்சாயங்கள் பலவற்றிற் கலந்துள்ள பாராபினைலின்டையமீன் என்னும் பொருள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது, தடிப்பும் வீக்கமும் விளைக்கும். மருதோன்றி என்னும் பெயரோடு விற்கப்படும் கரிய பொடிகளிலும் அது கலந்திருத்தல் உண்டு. ஆதலின் 48 மணி நேரத்திற்கு முன்னரே சிறிது தடவி ஆராய்ந்து கொள்ளாது இவற்றைத் தலைக்கு இடுதல் அறிவுடைமையாகாது. இஃது உடல்நலம் பற்றியது. அறம் பற்றியது இனிக் கூறப்படும்.

"உடம்போ மாயையின் காரியம், மயிரோ அவ்வுடம்பினும் உயிரற்ற பகுதி. அதனைக் கறுப்பாக வைத்தால் என்? வெளுப்பாக வைத்தால் என்? அகம் தூயதாயின் புறத்தைப்பற்றி ஆராய்தல் வீண்" என்பார் சிலர். மொட்டையடித்தலும் சடை வளர்த்தலும் உலகம் பழிக்குந் தீயொழுக்கத்தை விட்டவர்க்கு வேண்டுவனவல்ல என்பது கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்துள் திருவள்ளுவர் கருத்தாகலின், இக்கூற்றுக்கு வலிய துணையுண்டு போலத் தோன்றும். ஆயினும் சைவ நன்மக்கள் புறத்தோற்றம் பொருளன்று என்று எளிதிற் கூறிவிடுதல் இயலாது. திருநீறும் கண்டிகையும் புறத்தன அல்லவோ? திருக்கோவலூர் வேந்தராகிய மெய்ப்பொருள் நாயனார், முத்தநாதன் என்னும் பகைவன் பொய்வேடம் பூண்டு வந்து தம்மைக் குத்திய பொழுதும், அவ்வேடத்தை மெய்யெனவே வணங்கி, அவனை ஊறின்றி ஊர்ப்புறத்தே விட்டு வரச்செய்தார். புறக்குறியை அத்துணை உயர்வாகப் போற்றுவதொரு சமயத்தார், மற்றொரு புறக்குறியைப் பற்றி மட்டும் அது வீணென்று கூறுதல் முன்பின் முரணாம்.

இவ்விரு கருத்தும் தம்முள் மாறுபடா. வேடம் போற்றப்படுவது அது நினைப்பூட்டும் பொருள் பற்றியேயாம். நினைப்பூட்டாத வேடம் வள்ளுவராற் கடியப்பட்டது. நினைப்பூட்டும் வேடம் நாயனாரால் வணங்கப்பட்டது. எனவே நரையைப்பற்றிக் கேட்கற்பாலதும் இதுவே: அது நினைப்பூட்டுவது யாது? அந்நினைவு வேண்டப்படுவதோ, வேண்டப்படாததோ?

இவ்வினாவுக்குப் பழைய நூல்கள் தரும் விடை ஒரு தன்மைத்தாகவே உள்ளது. காளிதாசரின் இரகுவமிசம் பன்னிரண்டாஞ் சருக்கத்தில், மூப்பு என்பது நரையின் உருக்கொண்டு தசரதனுடைய காதருகே வந்து, ஆட்சியை இராமனிடம் ஒப்புவிக்கும்படி மறைவாகச் சொல்லியதாகக் கூறப்பட்டுள்ளது. பௌத்தரது சாதகக் கதைகளுள் மகாதேவன் என்னும் அரசன், தன் தலையில் முதல் நரையைக் கண்டவுடன் தனக்கு அறிவிக்குமாறு நாவிதனுக்குக் கட்டளையிட்டிருந்தான். நாவிதன் அதனைப் பொற்குறட்டாற் பறித்து அரசன் கையில் வைத்தான். அரசன் சினந்தானல்லன், நாவிதனுக்கு ஓர் ஊரையே பரிசாக அளித்து, அரசைத் துறந்து தவம் மேற்கொண்டான். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு கதையும் நரையைத் தூதனாகவே கருதுகின்றன. தூதன் கொணர்ந்த செய்தி இனியதன்றாயினும் தூதனைக் கொல்லுதல் அரசநீதியன்று என்பது இலங்கையில் வீடணன் இராவணனுக்கு எடுத்துரைத்தது. அந்நீதி தன் தலையில் வந்த தூதனுக்கும் ஒக்கும்.

அற்றேல், "தசரதன் அரசன், ஒப்புவித்தற்கு நாடும், ஏற்றற்கு மகனும் அவனுக்கு உளர். நாள்தோறும் உழைத்தன்றி உண்ணமாட்டாதவன் தூதன் சொற் கேட்டு எங்கே செல்வான்?" எனின், இக்கடாவே இப்பொருளில் மிகக் கூரியது, இதனைப் புறக்கணித்தல் இரக்கமற்ற செயலாம். ஐம்பத்தைந்து ஆண்டு நிரம்பிய ஒருவர், தாம் நெடுநாள் உழைத்த தொழிலகம் மூடப்பட்டமையால் வேறு வேலை தேடுகின்றார் எனக் கொள்க. மணஞ்செய்து கொடுத்தற்குரிய மகள் ஒருத்தி வீட்டில் இருக்கின்றாள். செல்லுமிடமெல்லாம் அவருடைய கைத்திறனை நோக்குவார் இலர். தலையையே முதலில் நோக்குகின்றனர். அவர் தம் நரைக்குச் சாயமிட்டுக்கொண்டு மறுநாள் வேறோரிடத்திற்குச் செல்வாராயின், அவர் பொய்யராவரோ?

பிறர்க்கு ஒரு தீங்கும் பயவாமையே வாய்மையின் இலக்கணமாக வள்ளுவர் வகுத்தார். இவருடைய சாயத்தால் எவர்க்கும் தீங்கில்லை. செய்யமாட்டாத தொழிலைச் செய்வேன் என்று இவர் கூறிற்றிலர். ஆண்டினை வினவியபோது மாற்றியும் உரைத்திலர். சோழன் கரிகாலன் வரலாறு இதற்கு மறுதலையாய் நின்று விளக்கந் தருவது. வழக்குக்கொண்டு வந்த முதியோர், இவன் இளையன், முறை தெரியான் என்று ஐயுற்றாராக, அவன் நரைமுடி பூண்டு முதியோன்போல வீற்றிருந்து அவர் மகிழுமாறு தீர்ப்புக் கூறினான் என்பது பழமொழி நானூற்றால் அறியப்படுவது. அவனைப் பொய்யன் என்று எவரும் கூறிற்றிலர். நரையின்மேல் அவர்கள் எதிர்பார்த்த அறிவு அவனிடத்து உண்மையாகவே இருந்தமையின், அவன் பூண்ட நரை எவரையும் வஞ்சித்ததாகாது. அவ்வாறே, கருமயிரின்மேல் உலகம் எதிர்பார்க்கும் வலிமை ஒருவரிடத்து உண்மையாகவே இருக்குமாயின், அவர் இட்ட சாயமும் வஞ்சனையாகாது. உடம்பினை இழிந்ததென்று கருதிய நிலை நீங்கி, இறைவன் உறையும் இடமெனக் கண்டு அதனைப் பேணியதாகத் திருமூலர் அருளியிருத்தலின், உடம்பினைத் திருத்தமுற வைத்தலும் தன்னளவிற் குற்றமன்று. ஆனால் ஆண்டினை நம்பி ஒருவர் முடிவு செய்யுமிடத்து, மணம் பேசுதல் போல்வனவற்றில், நரையை மறைத்து ஆண்டினையும் மறைத்தல் பிறருடைய வாழ்வைத் திருடுதலாம். அதற்கு எவ்வாற்றானும் அமைதி கூறல் இயலாது.

மகளிர் திறத்திலோ இவ்வநீதி இன்னும் மிகுதி. ஒரே வீட்டில், ஒரே ஆண்டளவில், கணவனுக்கும் மனைவிக்கும் நரை தோன்றுகின்றது. கணவன் நரையைக் கண்டார், "முதிர்ச்சியும் பெருந்தன்மையும் வந்துவிட்டன" என்கின்றனர். மனைவி நரையைக் கண்டார், "இத்துணை விரைவில் கிழவியாயினாளே" என்கின்றனர். மாமியார் மருத்துவம் சொல்கின்றார். தமக்கை சாயப்பொட்டலம் வாங்கித் தருகின்றாள். மகளோ, "அம்மா, என் தோழியர் முன் இப்படி வாராதே" என்கின்றாள். இவள் சாயமிடுவது தன்னை மயக்குதற்கன்று. பிறருடைய நாவுக்கு அஞ்சியேயாம். அச்சத்தால் இடும் சாயத்தின் குற்றம் அவளைச் சாராது, அச்சுறுத்தினாரையே சாரும். இனி, அவள் ஒருநாள் துணிந்து சாயத்தை விட்டுவிடுவாளாயினும் சுற்றத்தார் அதனையும் விடாது பழிக்கின்றனர். இட்டபோது ஆசை என்றவர்களே விட்டபோது அசட்டை என்கின்றனர். முதுமையைப் பழிக்கும் நாக்கு உள்ளவரையில் சாயத்தைமட்டும் பழித்தலாற் பயனில்லை. உண்மையாகவே நரையைப் போற்றும் ஊரில், சாயக்கடை தானே மூடப்படும்.

நரையை மறைப்பதில் ஒரு குற்றம் உண்டாதல் போல, நரையைக் காட்டுவதிலும் ஒரு குற்றம் உண்டு. வெண்டலை ஒன்றையே முதலாகக்கொண்டு, அவைதோறும் முன்னிருக்கை வேண்டி, இளையோர் கூறும் நல்லுரையை "நேற்றுப் பிறந்தவன்" என்று தள்ளிவிடுவார் சிலர். தலை நரைத்தமையால் மட்டும் ஒருவன் மூத்தோனாகான் என்பதில் மனுநூலும் தம்மபதமும் ஒத்த கருத்தினவாக உள்ளன. சைவ சமயாசாரியர் நால்வருள் சம்பந்தர் 16 ஆண்டும், சுந்தரர் 18 ஆண்டும், மாணிக்கவாசகர் 32 ஆண்டும், நாவுக்கரசர் 81 ஆண்டும் இந்நிலவுலகில் வாழ்ந்தனர் என்பது மரபு. நால்வருள் முதுமை கண்டவர் ஒருவரே. அம்முதியவர் அப்பிள்ளையாரின் சிவிகையைத் தாங்கினார். அப்பிள்ளையாரோ அம்முதியவரை "அப்பர்" என்று அழைத்தார். முதுமை இளமையின்முன் பணிந்தது. இளமை முதுமையைத் தந்தையாக ஏற்றது. தன் தலையின் நிறத்தை இருவரும் பொருட்படுத்தினாரல்லர்.

இனி, இவையெல்லாவற்றினும் ஆழமானதொன்று உளது. பிறரிடத்தினின்று நரையை மறைத்தல் ஒன்று. தன்னிடத்தினின்றே மறைத்தல் வேறொன்று. இருளுக்கும் ஆணவ மலத்திற்கும் உள்ள வேற்றுமையைத் திருவருட்பயனில் உமாபதி சிவாசாரியார் விளக்கியுள்ளார். இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை இருளென்று காட்டும். ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. சாயமிடுவார் திறத்திலும் இவ்வேற்றுமை காணப்படும். "என் தலை நரைத்தது, உலகியல் நோக்கி இதனை மறைத்தேன்" என்று அறிந்திருப்பவன் மறைத்தது மயிரை மட்டுமே. நாளடைவில் கண்ணாடியிற் காணும் கருமையையே மெய்யென நம்பி, "இன்னும் காலம் உண்டு" என்று பூசையையும், கொடையையும், தீர்க்கவேண்டிய கடனையும், மன்னிக்கவேண்டிய பகையையும் மறுநாளைக்கு ஒத்திவைப்பானாயின், அவன் மறைத்தது தன் ஆயுளை. தன் நெஞ்சறிந்த பொய் தன்னையே சுடும் என்பர் வள்ளுவர். நெஞ்சு அறியாததாய்விட்ட பொய்யோ சுடவும் மாட்டாது. அதுவே அதன் கொடுமை. யயாதி தன் மூப்பை மகன் பூருவுக்குத் தந்து அவன் இளமையைப் பெற்று ஆயிரம் ஆண்டு இன்பம் நுகர்ந்தும் ஆசை அடங்கக் கண்டானல்லன் என்று பாரதம் கூறும். முழுதும் திரும்பப் பெற்ற இளமையே ஆசையைத் தீர்க்கவில்லையாயின், மயிரளவிற் பெற்ற இளமை எதனைத் தீர்க்கும்?

இதற்கு மறுதலையாகத் தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனாரும் அவர் மனைவியாரும் விளங்குகின்றனர். இறைவன் திருப்பெயரால் வந்ததோர் ஆணையைக் காத்தற்பொருட்டு, ஒரே இல்லத்தில் ஒருவரையொருவர் தீண்டாது வாழ்ந்து, இளமையைக் கழித்து மூப்பெய்தினர். கழிந்த இளமைக்கு அவர் வருந்தவுமில்லை. அதனை மீட்டுத் தருமாறு வேண்டவுமில்லை. சிவயோகியாராய் வந்த பெருமானது திருவருளால் குளத்தில் மூழ்கி எழுந்தபோது இளமை தானே வந்து எய்திற்று. வேண்டாதார்க்கு வந்த அவ்விளமை வினைக்கு ஏதுவாகாது பேறாயிற்று.

இறைவனோ பிறப்பும் மூப்பும் இல்லாதவன். அவன் சுந்தரரை ஆட்கொள்ள வந்தபோது புத்தூரிலே மணப்பந்தரில் எவ்வுருவத்தில் தோன்றினான்? நரைத்து முதிர்ந்த வேதியனாகவே தோன்றினான். மணக்கோலத்து நம்பி அம்முதியவரைப் "பித்தன்" என்று இகழ்ந்தார். அவ்விகழ்ச்சியே பின்னர்த் திருவெண்ணெய்நல்லூரில் அவர் திருவாயிலிருந்து முதற் பதிகத்தின் முதற் சொல்லாக எழுந்தது. தன்னைத் தடுத்தாட்கொள்ள வந்த நரையை இளமை முதலில் இகழும். வழக்கிலே தோற்ற பின்னரே அதனை உணரும். தன் தலையில் தோன்றிய நரையைக் காணும் ஒவ்வொருவரும் அப்பந்தரில் நிற்கும் நம்பியின் நிலையிலேயே நிற்கின்றனர்.

ஆகவே, தொடக்கத்திற் கண்ணாடிமுன் நின்றவனுக்குக் கூறற்பாலது இதுவாம். திருநீறு, உடம்பு முடிவில் நீறாம் என்பதனையும், மலம் நீங்கிய உயிரின் தூய்மையையும் ஒருங்கு உணர்த்துவது. நரையும் அச்செய்தியின் முற்பகுதியையே கூறுகின்றது. நீற்றை நாள்தோறும் அவன் தன் கையால் இடுகின்றான். நரையை இறைவன் இடுகின்றான். இரண்டன் பொருளையும் உணர்ந்தவன் பிழைப்பின்பொருட்டுத் தலையைக் கறுப்பாக்கினும் அவனுக்கு இழுக்கில்லை; இரண்டன் பொருளையும் உணராதவன் தலையை வெண்மையாகவே விடுத்தாலும் அவனுக்கு உயர்வில்லை. எனினும், பிழைப்பின் நெருக்கடி நீங்கியவர்க்கும், அஞ்சற்குரிய நாவுகள் அடங்கப்பெற்றவர்க்கும், நரையை அதன் இயல்பிலே விடுதல் நன்று. நாள்தோறும் நினைப்பூட்டும் நண்பனை வாயடைத்து வைத்தலாற் பயன் என்னை? சாயமிடுவோரும் ஒன்று செய்யலாம். இடுமுன் ஒரு நொடி அவ்வெண்மையை நோக்கி, அது வந்து சொல்லிய பணிகளுள் இத்திங்களில் நிறைவேறியது யாதென்று தம்மை வினவுவாராக.

பழனியிலும் வைத்தீசுவரன் கோயிலிலும் முடிகாணிக்கை செலுத்துமிடத்தில், சாயமிட்ட மயிரும் நரைத்த மயிரும் ஒருங்கே வீழ்கின்றன. முருகன் திருமுன் இரண்டற்கும் வேற்றுமையில்லை. சந்தனம் பூசிய தலையோடு மலையிறங்குவார்க்குச் சில நாளில் மயிர் முளைக்கும்போது, எத்துணை நரைத்துள்ளது என்பது மறைவின்றித் தெரியும். அன்று அதனைத் தடவிப் பார்க்கும் கை நடுங்காதிருத்தலே நரைக்குரிய நல்விடையாம்.

திருச்சிற்றம்பலம்.